384 பேரைத் தேடி அலையும் மகளுக்கு: வாசகர் கேள்வி பதில்

வணிகம், பொருளியல், கணினித் தகவல் முறைமை ஆகிய துறைகளில் ஆய்வு செய்பவர்களும் செய்ய நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, 31 ஆண்டுகள் வணிகவியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியை ராயபுரத்திலிருந்து பதில் எழுதுகிறார்.

கேள்வி: பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பி.எச்டி. செய்கிறேன் அம்மா. "வடசென்னைச் சிறு வியாபாரிகளிடையே யூபிஐ பயன்பாடு" என்பது தலைப்பு. 384 பேரிடம் கேள்வித்தாள் நிரப்பி வாங்க வேண்டும் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். கூகுள் படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இதுவரை 97 பேர்தான் நிரப்பியிருக்கிறார்கள்; அதிலும் பலர் வியாபாரிகளே இல்லை. மீதியை நாங்கள் நிரப்பித் தருகிறோம் என்கிறார்கள் தோழிகள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். என்ன செய்யட்டும்?
— ஆய்வு மாணவி, கொருக்குப்பேட்டை

பதில்: முதல் வேலையாகத் தோழிகளிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மகளே. ஒரு படிவத்தைக்கூட அவர்கள் நிரப்பக் கூடாது. அது நடந்துவிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் போடும் எந்தக் கணக்குக்கும் அர்த்தம் கிடையாது. அந்த ஆய்வேடு உங்கள் பெயரில், இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் ஏறி, உங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரைக்கும் அங்கேயே இருக்கும்.

384 எங்கிருந்து வந்தது என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? ராபர்ட் கிரெஜ்சி, டேரில் மார்கன் என்ற இருவர் 1970-இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். மொத்தம் இத்தனை பேர் என்றால் மாதிரியாக இத்தனை பேரை எடுத்தால் போதும் என்று பார்த்துக்கொள்ள அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. மொத்தம் பத்து லட்சமானால் 384. 95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை, அதாவது நூறு முறை எடுத்தால் 95 முறை விடை உண்மைக்கு 5 சதவீதம் கூடக்குறைய வரும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. யாரை எடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போலச் சமவாய்ப்பில் தீர்மானித்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் யார் கண்ணில் பட்டதோ அவர் நிரப்பினார் என்றால் நிபந்தனை அங்கேயே உடைந்துவிட்டது. பிறகு 384 என்றாலும் ஒன்றுதான், 4,000 என்றாலும் ஒன்றுதான். அட்டவணை போட்டவர்கள் மேல் குற்றமில்லை. நிபந்தனையை அங்கேயே விட்டுவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நாம்.

நம் ஊரிலேயே நடந்த ஆய்வுகளைப் பாருங்கள். ஃபிராங்க் ஷில்பாக் என்ற பொருளியலாளர் சென்னையில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர்களின் குடிப்பழக்கத்தையும் சேமிப்பையும் ஆராய்ந்தார். மொத்தம் 229 பேர். மூன்று வாரம் அவர்கள் தினமும் ஆய்வு அலுவலகத்துக்கு வந்தார்கள், கருவியில் ஊதிக் காட்டினார்கள், விருப்பப்பட்டதைச் சேமித்தார்கள். குடிக்காமல் வந்தால் பணம் என்று தரப்பட்டவர்களின் சேமிப்பு 50 சதவீதம் கூடியது. 2019-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ அதை வெளியிட்டது. இன்னொன்று, தூக்கத்தைப் பற்றியது. 2021-இல் குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸில் வந்தது. சென்னையின் எளிய குடும்பங்களைச் சேர்ந்த 452 பேர், ஒரு மாதம் கணினியில் தரவு ஏற்றும் வேலை பார்த்தார்கள். இரவில் 8 மணி நேரம் படுத்துக் கிடந்தும் அவர்கள் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். இரவுத் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டிப் பார்த்தார்கள். வேலையில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. வேலை இடத்திலேயே மதியம் கொஞ்ச நேரம் கண்ணயர விட்டார்கள்; வேலைத்திறனும் மனநிலையும் தேறின. இரவுத் தூக்கம் கூடினால் எல்லாம் சரியாகும் என்று முடிவை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் இது அவர்களுக்குத் தெரிந்திருக்குமா?

இப்போது என் கதை. 1986-இல் எம்.ஃபில். ஆய்வுக்காகக் காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களிடம் கேள்வித்தாளோடு போனேன். மூன்றாவது கேள்வி, "உங்கள் மாத வருமானம் எவ்வளவு?" எல்லோரும் ஏதோ ஓர் எண்ணைச் சொன்னார்கள், நானும் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து தாள்களைப் பரப்பி வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா, "இவர்களில் யாருக்கு மாதம் இருக்கிறது? நாள்தானே இருக்கிறது" என்றார். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அவர் சொன்னது அப்படியே உண்மை. கூடை எடுக்காத நாள், மழை நாள், மீன் மிஞ்சிய நாள் எல்லாம் சேர்ந்து ஒரு மாதத்தில் என்ன ஆகும் என்பதை அந்தப் பெண்கள் கூட்டிப் பார்த்ததே இல்லை. நான் தொந்தரவு செய்யாமல் எழுந்து போக வேண்டும் என்பதற்காக ஓர் எண்ணைத் தந்தார்கள். 150 தாள்களையும் மூட்டை கட்டிவிட்டு மறுபடி போனேன். இம்முறை, நேற்று என்ன விலைக்கு எடுத்தீர்கள், எத்தனைக்கு விற்றீர்கள், மிஞ்சியதை என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். 40 பேர். அதுதான் என் ஆய்வு.

உங்கள் தலைப்புக்கு வருகிறேன். என் வீட்டருகே ஒரு பூக்கார அம்மா இருக்கிறார். கூடைக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டை, காசு விழுந்தால் சத்தம் போட்டுச் சொல்லும் பெட்டி, எல்லாம் உண்டு. உங்கள் படிவத்தில் "யூபிஐ பயன்படுத்துகிறீர்களா?" என்றால் "ஆம்" என்றுதான் விழும். ஆனால் அந்தக் கணக்கு அவருடைய மருமகன் பெயரில் இருக்கிறது. பகலெல்லாம் விழுந்த பணத்தை இரவு மருமகன் ரொக்கமாகக் கொண்டுவந்து தருகிறார். சில நாள் தருகிறார், சில நாள் "நாளைக்கு" என்கிறார். மறுநாள் விடியற்காலை பூ எடுக்க அம்மாவுக்கு ரொக்கம் வேண்டும். அதனால் காலை பத்து மணிக்குள் யாராவது கைபேசியை நீட்டினால், "சில்லறையாக இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் அட்டையைத் திருப்பிக் காட்டுகிறார். முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், நடுநிலை என்ற ஐந்து கட்டங்களில் இது எங்கே அடங்கும்? யூபிஐ 2016-இல் வந்தது. பத்து ஆண்டுக்குள் பூக்கூடைவரை வந்துவிட்டது. பணம் யார் கைக்கு, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்கிறது என்பதுதான் இனிக் கேட்க வேண்டிய கேள்வி.

வழிகாட்டியிடம் சண்டை வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள ஒரே ஒரு கடைத்தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டி, தரைக்கடை உட்பட எல்லாவற்றையும் எண்ணி ஒரு பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியலிலிருந்து குலுக்கிச் சிலரை எடுங்கள். வியாபாரம் ஓய்ந்திருக்கும் பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். முதல் நாள் ஏதாவது வாங்கிவிட்டு வாருங்கள், கேள்வித்தாளை எடுக்காதீர்கள். பட்டியலும் குலுக்கலும் கையில் இருந்தால் 384 ஏன் வேண்டாம் என்று அவரிடம் மரியாதையாக விளக்க முடியும். இப்படி எண்ணுவது இங்கே புதிதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1915-இல் இங்கு வந்தவர். மாணவர்களை அவரவர் சொந்தக் கிராமத்துக்கே அனுப்பி வீடு வீடாகக் கணக்கெடுக்கச் சொன்னார். 1918-இல் அது நூலானது. அவற்றில் ஒன்றான விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு 1930-களிலும், 1980-களிலும், அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய் எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். கொருக்குப்பேட்டையில் ஒரு தெருவை நீங்கள் ஒழுங்காக எண்ணி வைத்தால், 20 ஆண்டு கழித்து இன்னொரு பெண் அதே தெருவுக்கு வருவாள்.

கேள்வி: என் அம்மா தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறார். தண்டல் கட்டாத நாளே எனக்கு நினைவில்லை. 5,000 என்று எழுதிக்கொண்டு கையில் 4,250 தருகிறார்கள். தினமும் 50 ரூபாய், 100 நாள். ஒன்று முடிவதற்குள் அடுத்தது. நான் பி.ஏ. பொருளியல் படிக்கிறேன். இதிலிருந்து வெளியேற முடியாததற்குக் காரணம் என்ன என்று எந்த ஆய்வாவது சொல்கிறதா?
— கல்லூரி மாணவி, வியாசர்பாடி

பதில்: உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் கண்ணு. அப்பா வேலை பார்த்த ஆலை மூடிக் கிடந்த மாதங்களில் என் அம்மாவும் வாசலில் இட்லிக் கடை போட்டுத் தண்டல் கட்டியவர். சாயங்காலம் ஆறு மணிக்குச் சைக்கிள் மணி கேட்டதும் அம்மாவின் முகம் மாறும். அந்த முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

கணக்கை முதலில் பார்ப்போம். 750 ரூபாயை 5,000-ஆல் வகுத்தால் 15 சதவீதம். வட்டி அவ்வளவுதான் என்று தெருவில் நினைக்கிறார்கள். ஆனால் கையில் வந்தது 4,250. அதையும் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறார் உன் அம்மா. 100 நாளும் அந்தப் பணம் முழுதாக அவரிடம் இல்லை. சரியாகப் போட்டால் நாளுக்கு 0.33 சதவீதம், ஆண்டுக்கு ஏறக்குறைய 120 சதவீதம் வருகிறது. வங்கியில் நகைக்கடன் என்ன வட்டி என்று உனக்கே தெரியும்.

காலையில் வாங்கி மாலையில் தரும் கடன் இதைவிடக் கொடியது. சென்னையின் பழம், காய்கறி வியாபாரிகளிடம் பொருளியலாளர்கள் எடுத்த கணக்கில் அது நாளுக்குச் சராசரியாக 4.69 சதவீதம். 1,000 ரூபாய்க்கு ஒரு பகலுக்கு 47 ரூபாய். இதே வட்டியில் ஒரு கணக்குப் போட்டுப் பார். தினமும் 5 ரூபாய் ஒதுக்கி, மறுநாள் அந்த அளவு குறைவாகக் கடன் வாங்குவது. குறைந்த கடனுக்கு மிச்சமாகும் வட்டியையும் அதிலேயே சேர்ப்பது. 51, 52 நாளில் கடன் முழுவதும் தீர்ந்துவிடும்! தாளில் இவ்வளவு எளிதாக இருப்பது தெருவில் நடக்காதது ஏன்?

இதைத்தான் டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகியோர் சோதித்தார்கள். இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகளின் கடனை அவர்களே முழுவதுமாக அடைத்துவிட்டார்கள். 2019-இல் முடிவு வெளியானது. பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடனுக்குப் போய்விட்டார்கள். ஓரிரு ஆண்டு கழித்துப் பார்த்தால், கடன் அடைக்கப்பட்டவருக்கும் அடைக்கப்படாதவருக்கும் வித்தியாசமே இல்லை.

இதைப் படித்துவிட்டு, "ஏழைகளுக்குக் கொடுத்தாலும் நிற்காது" என்று சொல்பவர்கள் உண்டு. என் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு ஆகாது. ஆறு வாரத்தில் ஒரு வீட்டில் என்னவெல்லாம் வரும்? பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு சாவு, ஒரு வளைகாப்பு, இரண்டு நாள் விடாத மழை. இதில் ஏதாவது ஒன்று வந்ததும் கையிருப்பு போய்விடும். அந்த நேரம் கேள்வி கேட்காமல், தாள் கேட்காமல், வண்டி நிற்கும் இடத்துக்கே வந்து பணம் தருபவர் தண்டல்காரர் மட்டும்தான். உன் அம்மாவுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று ஒருநாளும் நினைக்காதே. 50 ரூபாயில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். கடனை அடைப்பது ஒரு வேலை. திடீர்ச் செலவுக்கு வேறொரு கதவு திறந்து வைப்பது இன்னொரு வேலை. என் அம்மா வெளியே வந்தது இந்த இரண்டாவது வழியில்தான். எனக்கு முதல் சம்பளம் வந்ததும் அவர் தண்டலை அடைக்கவில்லை. பித்தளைத் தூக்கில் 600 ரூபாய் போட்டு அரிசிப் பானைக்குள் வைத்தார். காய்ச்சல் வந்தால் மட்டும் தொடுவது என்று வீட்டில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் பழைய தண்டல் தீர்ந்தது, புதியது எடுக்கவில்லை.

நீ ஒன்று செய். ஒரு நோட்டு எடுத்து, அம்மா ஒவ்வொரு முறை புதுத் தண்டல் எடுக்கும்போதும் அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுது. ஓர் ஆண்டுக்கு எழுது. உன் கல்லூரியில் இறுதியாண்டு ஆய்வு கேட்பார்கள் அல்லவா? அதை எனக்கு அனுப்பு.

கேள்வி: அப்பா காசிமேட்டில் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். நான் பி.காம். இறுதியாண்டு. பொருளாதார ஆய்வு என்றால் ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தை என்றுதான் வகுப்பில் பேசுகிறார்கள். மீன்பிடிப்பவரைப் பற்றி யாராவது ஆய்ந்திருக்கிறார்களா?
— மாணவர், காசிமேடு

பதில்: ஆய்ந்திருக்கிறார்கள், தம்பி. உலகம் முழுவதும் பாடமாக வைக்கப்படும் ஆய்வே ஒன்று இருக்கிறது. ராபர்ட் ஜென்சன் 2007-இல் வெளியிட்டது. கேரளத்தின் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு கரையோரங்களில் 300 மத்தி படகுகளை 1996 முதல் 2001 வரை வாரந்தோறும் பின்தொடர்ந்தார். ஐந்தாண்டு, வாரந்தோறும்! அந்த ஆண்டுகளில்தான் கைபேசிக் கோபுரம் மூன்று பகுதிகளுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அதனால் கோபுரம் வந்த கரையையும் வராத கரையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

அவர் எழுதும் ஒரு காட்சியைக் கேள். 1997 ஜனவரி 14, வடகரை. 11 படகுக்காரர்கள் பிடித்த மீனை வாங்க ஆளில்லாமல் நிற்கிறார்கள். அதே நேரம் 15 கிலோமீட்டருக்குள் உள்ள மற்ற கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் தெரியாது. கைபேசி வந்த பிறகு படகிலிருந்தே விலை கேட்டுக்கொண்டு கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் சுருங்கியது. வாங்க ஆளில்லாமல் கடலில் கொட்டப்பட்ட மீன் இல்லாமலே போனது. மீனவரின் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குபவர் தரும் விலையும் 4 சதவீதம் குறைந்தது. இரண்டு பக்கமும் நன்மை.

அதோடு கதை முடியவில்லை. ஜானகி ஸ்ரீனிவாசன், ஜென்னா பரெல் இருவரும் பின்னர் கேரளக் கரைகளுக்குப் போய் மீனவர்களோடு பேசினார்கள். விலையை மட்டும் பார்த்து எல்லா மீனவரும் கரை மாற்றிவிடுவதில்லை. எந்த வகைப் படகு, கரையில் யாரோடு என்ன உறவு என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது என்று 2013-இல் எழுதினார்கள். இது உனக்குப் புதிதாக இருக்காது. படகுக்கு முன்பணம் தந்தவரிடம்தானே மீன் ஏலத்துக்குப் போகிறது? கைபேசியில் வேறு கரையின் விலை தெரிந்தாலும், வாங்கிய முன்பணம் அங்கே போக விடுமா?

போன மாசியில் விடியற்காலை நான்கு மணிக்கு நான் மறுபடி காசிமேட்டில் போய் நின்றேன். ஏலம் விட்டவர் ஒரு பெட்டி சங்கராவை வாயால் கூவி விற்றார். வாங்கியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. விரலால் மட்டும் காட்டினார். எழுதுபவர் ஈரம் படாமல் மடியில் வைத்திருந்த நோட்டில் பேனாவால் குறித்துக்கொண்டார். மூன்று பேர் கைபேசியில் அந்தப் பெட்டிகளைப் படம் பிடித்து எங்கோ அனுப்பினார்கள். அந்தப் படம் யாருக்குப் போகிறது? அவர் விலை சொன்ன பிறகுதான் இவர் விரல் காட்டுகிறாரா? எனக்குத் தெரியவில்லை. உன்னால் கேட்க முடியும். உன்னை அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்னால் தொடங்கி இரண்டு வாரம் பின்னால்வரை, தினமும் ஒரே நேரத்தில், ஒரே நான்கு வகை மீனின் ஏல விலையை எழுதி வை. பங்குச் சந்தை விலை வேண்டுமென்றால் எல்லோருக்கும் கிடைக்கும். இந்த விலை உன் நோட்டில் மட்டும்தான் இருக்கும்.

கேள்வி: ஒரு பன்னாட்டு இதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. 6,000 ரூபாய் கட்டினால் மூன்று நாளில் கட்டுரையை வெளியிடுகிறார்களாம். பதவி உயர்வுக்கு வெளியீடு தேவைப்படுகிறது. கட்டலாமா?
— உதவிப் பேராசிரியர், தண்டையார்பேட்டை

பதில்: கட்டாதீர்கள். மூன்று நாளில் உங்கள் கட்டுரையை எந்த அறிஞரும் படித்திருக்க முடியாது. அந்த மின்னஞ்சலில் உள்ள இதழின் முகப்பைத் திறந்து பாருங்கள். வணிகவியல், வேதியியல், யோகா எல்லாம் ஒரே இதழில் இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தொடங்கிய, நல்ல இதழ்களின் பெயர் கொண்ட கேர் பட்டியலையும் 2025-இல் விலக்கிக்கொண்டுவிட்டது. நல்ல இதழ் எது என்று கண்டுகொள்ளும் பொறுப்பு இப்போது கல்லூரிகளிடமும் உங்களிடமும் வந்துவிட்டது. உங்களிடம் பி.எச்டி. செய்யும் மாணவர்கள் இருந்தால் அவர்களையும் இதில் தள்ளாதீர்கள். ஆய்வேடு தருவதற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறைகளிலேயே மானியக் குழு எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நல்ல இதழ் திருப்பி அனுப்பினால் மனம் தளர வேண்டாம். பழைய கார் வாங்குபவருக்குத் தெரியாதது விற்பவருக்குத் தெரியும், அதனால் சந்தையே கெட்டுப்போகும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் எழுதிய கட்டுரையை மூன்று இதழ்கள் மறுத்தன. அவற்றில் இரண்டு அற்ப விஷயம் என்றன. நான்காவதாக அனுப்பிய இதழ் 1970-இல் வெளியிட்டது. 2001-இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு. 6,000 ரூபாயை வைத்துக்கொண்டு ஒரு நல்ல மேசை விளக்கும் புத்தகமும் வாங்குங்கள். படிப்பதற்குப் பணம் தேவையில்லை. ஷோத்கங்காவில் இந்திய ஆய்வேடுகள் இலவசம். பொருளியலாளர்கள் பலர் இதழில் வருவதற்கு முந்தைய வடிவத்தைத் தங்கள் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது, அடையாற்றில் மால்கம் ஆதிசேஷையா 1971-இல் தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகம் இருக்கிறது.

கேள்வி: எங்கள் தெருவில் குலுக்கல் சீட்டும் இருக்கிறது, ஏலச் சீட்டும் இருக்கிறது. எது நல்லது என்று பொருளியல் சொல்கிறதா?
— இல்லத்தரசி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: சொல்கிறது, சகோதரி. பெஸ்லி, கோட், லௌரி மூவரும் 1993-இல் இந்த இரண்டையும்தான் கணிதமாக எழுதிப் பார்த்தார்கள். எல்லோருடைய தேவையும் ஒன்றுபோல இருந்தால், உதாரணமாக எல்லோருக்கும் ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்க வேண்டும் என்றால், குலுக்கல் மேல். ஒருவருக்கு அவசரம், இன்னொருவருக்குப் பொறுக்க முடியும் என்று தேவைகள் வேறுபட்டால் ஏலம் உதவக்கூடும். அவசரப்படுபவர் தள்ளி எடுக்கிறார், பொறுத்தவருக்குக் கழிவு கிடைக்கிறது. சீட்டு பிடிப்பவர் நேர்மையானவரா என்பதை எந்தக் கணிதமும் சொல்லாது. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கேள்வி: எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் 41 ஆண்டாகக் கணக்கு எழுதுகிறேன். முதலாளியின் மகன் பில் போடக் கணினி வைத்தார். நான் இன்னும் சிட்டையில் எழுதிவிட்டுத்தான் கணினியில் ஏற்றுகிறேன். பழைய ஆள் என்கிறார்கள். உங்கள் ஆய்வாளர்கள் என்னைப் பற்றி என்ன சொல்வார்கள்?
— கணக்கர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ஐயா, வணக்கம். உங்கள் கேள்விக்காகவே கணினித் தகவல் முறைமை என்று ஒரு துறை இருக்கிறது. ஃபிரெட் டேவிஸ் 1989-இல் எம்.ஐ.எஸ். குவார்ட்டர்லி என்ற ஆய்விதழில் எழுதிய கட்டுரை அதன் அடித்தளங்களில் ஒன்று. ஒரு கருவியை மனிதர் ஏற்பாரா என்பது இரண்டைப் பொறுத்தது என்றார்: அது தன் வேலைக்குப் பயன்படும் என்று அவர் நினைக்கிறாரா, பழக எளிது என்று நினைக்கிறாரா. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஆய்வுகள் அதே இரண்டு கேள்விகளைக் கேட்டன. அந்த ஆய்வுகள் பல உங்களைப் போன்றவரை "ஏற்கத் தயங்குபவர்" என்று ஒரு கட்டத்தில் போட்டுவிட்டுப் போய்விடும்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு முறை எழுத ஒருவர் தினமும் கூடுதலாக உழைக்கிறார் என்றால், கணினியில் இடமில்லாத ஏதோ ஒன்று சிட்டையில் இருக்கிறது. தெரிந்த கடைக்காரர் ஆடிக்கு எடுத்துப் போன சரக்குக்குப் பொங்கலுக்குப் பணம் தருவார்; விலை அப்போது பேசிக்கொள்ளலாம் என்று வாய்மொழி. பில் போடும் மென்பொருள் விலை இல்லாமல் அடுத்த வரிக்கே நகராது. சிட்டையில் சரக்கை மட்டும் எழுதி ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிடலாம். என் மாணவி ஒருத்தியின் தாத்தா இதே தொழிலில் இருந்தார். அவருடைய சிட்டையில் இப்படிப் புள்ளி வைத்த வரிகளை நான் பார்த்திருக்கிறேன். உங்களுடையதிலும் இருக்குமோ என்று எண்ணுகிறேன்.

கணினி வந்ததும் எல்லாம் வேகமாகிவிடும் என்று பெரிய நாடுகளே எதிர்பார்த்து ஏமாந்தன. கணினி யுகம் எங்கும் தெரிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் தெரியவில்லை என்று ராபர்ட் சோலோ 1987-இல் எழுதினார். பால் டேவிட் என்ற வரலாற்றுப் பொருளியலாளர் மூன்று ஆண்டு கழித்து அதற்கு ஒரு விளக்கம் தந்தார். மின்சாரம் வந்தபோதும் இப்படித்தான் 40 ஆண்டு ஆனது. நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரிய மின்மோட்டாரை வைத்தார்கள். எந்திரங்களைச் சுழற்றும் பட்டையும் தண்டும் பழையபடியே ஓடின. ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, ஆலையின் அமைப்பையே மாற்றிய பிறகுதான் பலன் தெரிந்தது. உங்கள் கடையில் கணினி வந்திருக்கிறது; கடன் தரும் முறையும் விலை பேசும் முறையும் பழையபடி இருக்கின்றன. சிட்டை இல்லாமல் அங்கே எப்படி முடியும்?

முதலாளியின் மகனிடம் இதை எடுத்துச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஒரு மாதத்துக்குச் சிட்டையில் இருந்து கணினிக்கு ஏறாத வரிகளை மட்டும் சிவப்பு மையில் குறித்து வையுங்கள். எத்தனை வரி, எவ்வளவு தொகை, எத்தனை நாள் கழித்து வசூலானது. மென்பொருளை மாற்ற வேண்டுமா, சிட்டையை நிறுத்த வேண்டுமா என்று அதைப் பார்த்து அவரே முடிவு செய்யட்டும். அந்தச் சிவப்பு வரிகளை நானும் பார்க்க ஆசைப்படுகிறேன். முதலாளி சம்மதித்தால் கடைக்கே வருகிறேன். தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த பிறகு எந்த நாள் வசதி என்று எழுதுங்கள்.